பவர் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் வாங்குமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லைட் கர்ட்டன் என்ன விலை என்று கேட்டு அழைப்பவர்களிடம், முதலில் உங்கள் பவர் பிரஸ்ஸை (தகட்டை அழுத்தி வெட்டி வளைக்கும் இயந்திரத்தை) பார்க்க வேண்டும் என்றே நாங்கள் சொல்லி வருகிறோம். அதற்கான காரணத்தை விளக்குவதற்காக இம்மடலை எழுதுகிறோம்.

லைட் கர்ட்டன் என்பது பிரஸ்ஸின் முன் நிறுத்தும் இரு கம்பங்கள் கொண்ட பாதுகாப்புக் கருவி. அதன் ஒரு கம்பத்திலிருந்து புறப்படும் அகச்சிவப்புக் கதிர்கள் எதிர்க் கம்பத்தைச் சென்றடையும் வரைதான் பிரஸ் ஓட அனுமதி உண்டு. ஆபரேட்டரின் விரல் ஒரு கதிரை மறைத்தாலும் கருவி உடனே நிறுத்தச் சொல்லிவிடும். ஆனால், சொன்னபடி நிற்க வேண்டியது பிரஸ்ஸின் கிளட்சும் பிரேக்கும்தான். கோவைப் பகுதிப் பட்டறைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பின் கிளட்ச் (ஆணி போன்ற முளையால் இணையும் கிளட்ச்) பிரஸ்களில், பெடலை மிதித்து அந்த முளை பிடித்துவிட்டால், ராம் (மேலும் கீழும் ஓடும் தலை) ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகே நிற்கும். அவற்றின் முன் எவ்வளவு விலையுயர்ந்த லைட் கர்ட்டனை மாட்டினாலும் விரல் தப்பாது. பாதுகாப்பு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கை முன்பைவிடத் துணிந்து டைக்குள் (தகட்டை வடிக்கும் அச்சுக்குள்) போகும் என்பதால், அதை மாட்டாமலிருப்பதே மேல். எனவே அத்தகைய பிரஸ்களுக்கு நாங்கள் இதை விற்பதில்லை. டையைச் சுற்றி விரல் நுழையாத நிலையான கூண்டு அமைப்பதே அங்கு சரியான வழி.

காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேடிக் கிளட்ச் பிரஸ்ஸும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் பாதி வழியிலும் நிற்கக்கூடியவை. அங்கு கேள்வி தூரத்தைப் பற்றியது. இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 13855 தரநிலை, கை விநாடிக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் நீளும் என்று கொள்கிறது. கருவி உணரும் நேரமும் ராம் நிற்கும் நேரமும் சேர்ந்து 0.2 விநாடி ஆகுமானால், விரலைக் கண்டுணரும் 14 மில்லிமீட்டர் ரகத்தை (அந்தத் தடிமனுள்ள பொருளையும் உணர்வது) டையிலிருந்து குறைந்தது 400 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். கையை மட்டுமே உணரும் 30 மில்லிமீட்டர் ரகமானால் 500 மில்லிமீட்டர் தேவை. ஆபரேட்டருக்கு எட்டவில்லை என்பதற்காகப் பிராக்கெட்டை உள்ளே தள்ளிப் பொருத்தச் சொல்வோர் உண்டு. அதற்கு நாங்கள் இசைய இயலாது. பிரேக் லைனிங் தேயத் தேய ராம் நிற்கும் நேரமும் கூடும் என்பதால், லைனிங் மாற்றும்போதும் ஆண்டுக்கொரு முறையும் அந்த நேரத்தை மீண்டும் அளப்பது அவசியம்.

பிரஸ்களுக்கு லைட் கர்ட்டன்களில் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையான டைப் 4 கருவியையே தருகிறோம். நிறுத்தச் சொல்லும் அதன் இரண்டு வெளியீட்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிச் சாதாரண பிஎல்சி (இயந்திரத்தை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) உள்ளீட்டில் கொடுத்துவிடாமல், தனித்தனியே சேப்டி ரிலேவில் (பாதுகாப்புக்கென்றே அமைந்த ரிலேவில்) இணைக்குமாறு உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் சொல்லுங்கள். பக்கவாட்டிலும் பின்புறமும் கை நுழைய வழியிருந்தால், முன்புறக் கர்ட்டனோடு அங்கும் தகடு அடைக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், கருவியுடன் வரும் சோதனைக் கோலைக் கதிர்களின் ஊடே மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தி, கோல் உள்ளே இருக்கும் வரை சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராம் நிற்கும் நேரத்தை நாங்கள் அளக்க வரும் நாளில், வழக்கமாக ஓட்டும் டைகளில் மிகக் கனமானதை ஏற்றிவைத்து, பிரஸ்ஸின் மின் வரைபடத்தையும் எடுத்து வைத்தால், விலைப்புள்ளியை அன்றே தந்துவிடுவோம்.

இங்ஙனம்,
நிறுவனத்தார், கோயம்புத்தூர்