26 கிலோ மூட்டையைக் கீழே இறக்குங்கள்: குடோன் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கும் மேலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். சனிக்கிழமை மூன்றாம் வரிசையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான்காம் தட்டிலிருந்து இறக்கும்போது அரிசி மூட்டை நழுவி, பிக்கிங் (ஆர்டருக்கான சரக்கை ரேக்கிலிருந்து எடுக்கும்) வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ‘கவனமாக வேலை செய்யவும்’ என்று ஒரு தாள் ஒட்டினீர்கள். மூட்டை அங்கேயே இருந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது மறுபடி நடக்கும்.

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தபின், மில்காரர்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறியது உங்களுக்குத் தெரியாததல்ல. சுமை தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில், சுமை உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் இருந்து, உடம்பைத் திருகாமல் எப்போதாவது தூக்கினாலே 23 கிலோதான் வரம்பு. தலைக்கு மேலிருந்து இறக்கினால் அந்த வரம்பு இன்னும் குறையும். பிளாஸ்டிக் சாக்கில் பிடி கிடையாது, வழுக்கும். ஸ்டூலில் நின்று முன்னால் இழுக்கும்போது, மூட்டை தட்டின் விளிம்பைத் தாண்டியதும் பாரம் முழுவதும் ஒரேயடியாகக் கையில் இறங்குகிறது. ஆள் பின்னுக்குச் சாய, ஸ்டூல் முன்னுக்கு நழுவுகிறது. ஸ்டூல் கிடைக்காதவர்கள் ரேக்கின் குறுக்குக் கம்பியில் கால்வைத்து ஏறுகிறார்கள். உச்சியில் கனம் ஏற்றி, தரையோடு போல்ட் அடிக்காமல் நிற்கிற ரேக்கில் ஒருவர் தொற்றினால், ரேக்கே ஆள்மேல் சரியலாம்.

இடுப்பு உயரத் தட்டில் இப்போது இருப்பது பிஸ்கட்டும் சோப்பும். அதிகம் போகிற சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆர்டர் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் பிஸ்கட் பெட்டி கைதவறி விழுந்தால் நொறுங்குவது பிஸ்கட் மட்டும்தான். ஆகவே கேட்கிறோம்: 26 கிலோ மூட்டையையும் 15 கிலோ எண்ணெய் டின்னையும் இடுப்பு உயரத் தட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேல்தட்டுச் சரக்குக்கு பிரேக் வைத்த சக்கர ஏணி, வரிசைக்கு ஒன்று போதும்.

ஸ்கேனரில் வரும் பட்டியலையும் பாருங்கள். வாடிக்கையாளர் தட்டிய வரிசையிலேயே வருவதால், அப்பளம் முதலிலும் அரிசி கடைசியிலும் வருகிறது. அப்பளத்தை வெளியே எடுத்து, அரிசியை டிராலியின் அடியில் வைத்து, மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறது. ரேக் எண் வரிசையில், கனமானது முதலில் என்று பட்டியலை மாற்றச் சொன்னால் நடையும் குறையும், அப்பளமும் உடையாது.

பேக்கிங் பக்கம் மேஜை முழங்கை உயரம் இருக்க வேண்டும். சரக்கு அடுக்கும் பேலட் பலகையை அடுக்கி மேஜையாக்கினால் நாள் முழுக்கக் குனிய வேண்டியதுதான். மழுங்கிய கட்டர் பிளேடுதான் கையை வெட்டும், அழுத்தினால்தான் அறுபடும் என்பதால். எண்ணெய் பாக்கெட் கசிந்தால் தூவ வரிசைக்கு ஒரு வாளி மரத்தூள் கொடுங்கள். கக்கூஸ் ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒரே பெட்டியில் போட்டு அவை கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பில்லில் ஒன்றாக இருந்தாலும் பெட்டி வேறாக இருக்கட்டும். ஐப்பசி மழையில் அட்டைப்பெட்டி ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். அப்போது அடுக்கின் உயரத்தைப் பாதியாக்காவிட்டால் அடிப்பெட்டி நசுங்கி மொத்தமும் சாயும்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் மட்டும் ஹெல்மெட்டும் கையுறையும் அலமாரியிலிருந்து வெளியே வருவது சரியில்லை. வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. நிமிடக் கணக்கில் டார்கெட் வைக்கிறீர்கள். அந்த நிமிடத்தில் ஏணியை எடுத்துவர நேரம் உண்டா என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிச் சரக்கு வந்து நிரம்பிவிட்டால் எதையும் இடம் மாற்ற முடியாது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டரை நிறுத்திவையுங்கள். நாங்களே வந்து மூட்டைகளை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றி அடுக்கித் தருகிறோம். அந்த ஒருநாள் கூலியும், ரேக்கைத் தரையோடு போல்ட் அடிக்க ஓர் ஆளும் தாருங்கள். எந்த ஞாயிறு என்று இந்த வாரமே சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிக்கிங், பேக்கிங் தொழிலாளர்கள்
திருநெல்வேலி