நம்ம தோட்டத்தின் பணியக்கணக்கு (கீழ்ப் பிரிவு), மேல்கணக்கு (மேல் பிரிவு) உறவுகளுக்கு

வணக்கம்.

சம்பளப் பேச்சு சங்கச் சண்டையாகி, பணியக்கணக்கு ஆட்கள் பதினேழு பேர் நம்ம வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறி வேற குழு தொடங்கிட்டாங்க. எந்தச் சங்கம் சரியென்று சொல்ல நான் வரல்ல.

நேத்து தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஒரே மலையில் வேலை செய்ற ரெண்டு அக்காமார் தராசுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்றாங்க. கூடையை இறக்கக்கூட கை கொடுக்கல்ல. மனசு தாங்கல்ல. 1964 இலங்கை-இந்திய (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இங்கே என்றும் பிரிச்சது. அன்றைக்கு நம்ம ஆட்களை யாரும் கேட்கல்ல. இதை நாமளே செய்றோம்.

தனியா இருக்கிற ஒரு பெரியம்மா மூணு நாளா குரல் பதிவு போடுறாங்க: "பிள்ளைங்களா, யாருமில்லையா?" ஒருத்தரும் பதில் போடல்ல. இன்றைக்கு ராத்திரியே யாராவது பேசுங்க. முடிஞ்சால் அவங்க வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போய் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க.

சங்க வாக்குவாதம் இனி குழுவில் வேண்டாம், ஞாயிறு கோயிலடியில் நேரில் பேசுவோம். மரணச் செய்தியும், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் ரெண்டு குழுவிலும் போடணும். வெளியேறினவங்க யாரையும் நான் தடை செய்யல்ல. பழைய இணைப்பிலேயே உள்ளே வரலாம்.

– அட்மின்