நீ கேட்ட பத்துப் படங்கள்

வெள்ளவத்தை,
வியாழன் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் முன்னைப் போலத்தான். லிஃப்ட் மறுபடியும் பழுது. அதனால் நான் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கீழே இறங்குகிறேன்.

ஐந்து கிழமைக்கு முன்னர் நீ வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தாய். "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச பத்துப் படம் எழுதி அனுப்புங்கோ." அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அனுப்புகிறதெல்லாவற்றுக்கும் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. வேலை கூட என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி வந்தபோது இங்கே மத்தியானம் பன்னிரண்டேகால். உன்னுடைய பக்கம் விடியப்புறம் இரண்டே முக்கால். அந்த நேரத்தில் படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நித்திரையை விடாதே.

சரி, கேட்டதற்கு எழுதுகிறேன். ஃபோனில் தட்ட என் விரலுக்கு ஏலாது. கடதாசியில் எழுதி, கீழ்மாடிப் பெடியனைக் கொண்டு படம் பிடித்து அனுப்புவேன். அவன் சிங்களப் பெடியன், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் மனம்விட்டு எழுதலாம்.

முதலாவது எது என்று உனக்கே தெரியும். 'வீடு'. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இரண்டாவது 'குத்துவிளக்கு', 1972. நீ பார்த்திருக்க வழியில்லை. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தன் காசைப் போட்டுத் தயாரித்தது, டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கினது. அதுவரைக்கும் மெட்ராஸில் கதைக்கிறதுதான் சினிமாத் தமிழ் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் ஊர் மண்ணும் எங்கள் பேச்சும் திரையில் வந்தபோது எனக்குப் பதினேழு வயது, மயிர்க்கூச்செறிந்தது. ஐயா, உன் அப்பப்பா, தன் வாழ்க்கையில் தியேட்டருக்குள் வந்தது அந்த ஒரு நாள்தான். கோண்டாவிலில் இருந்து நான்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதியில் என் காதுக்குள் கேட்டார், "எங்கட தோட்டத்தைப் பாக்கவோ ரிக்கற் எடுத்தனி?" ஆனால் முடியும்வரை எழும்பவில்லை. கச்சான் சுருளைக்கூடப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

'பொன்மணி' மூன்றாவது. 1977. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டு இருந்த காலத்தில் எடுத்த தமிழ்ப் படம். ஓடவில்லை. ஒரு சிங்கள ஆள் வந்து எங்கள் வீட்டுச் சீதனத்தையும் சாதியையும் எங்களுக்கே காட்டுகிறதோ என்று எனக்கும் அப்போது கோபம்தான். வெளியே வந்து கூட்டாளிகளோடு சேர்ந்து நானும் பழித்தேன். அவர் காட்டினதில் பொய் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. உன் பெரியத்தையின் கலியாணப் பேச்சு நடந்த விதம் உனக்குத் தெரியும்தானே.

'உதிரிப்பூக்கள்' பற்றி நான் உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டு இயக்குநர் மகேந்திரன் எங்கேயோ போய்விட்டார். கடைசியில் அந்தத் தகப்பன் ஆற்றுக்குள் இறங்க, இரண்டு பிள்ளைகளும் கரையில் நிற்கும். நீ எட்டு வயதில் அதைப் பார்த்துவிட்டு அழவில்லை. "அப்ப அதுகளை ஆர் கூட்டிக்கொண்டு போறது?" என்று மட்டும் கேட்டாய். மூன்று நாள் கேட்டாய். நீ சின்னனிலேயே பொறுப்பானவன். அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் பொறுப்பு என்றால் எல்லாவற்றையும் தனியாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது என்று அர்த்தம் இல்லை.

ஸ்காபரோவில் இருந்து யோகா மாமி போன கிழமை அம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். உங்கள் றோட்டால் கோயிலுக்குப் போனவளாம். மேப்பிள் இலையெல்லாம் சிவத்துக் கிடக்குதாம், நல்ல வடிவாம். உங்கள் வீட்டு முன்புல்லில் ஒரு பலகை நட்டிருக்குதாம். தேர்தல் பலகையாக இருக்கும் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அங்கே அப்படி நடுவார்கள்தானே. அதை விடு.

ஐந்தாவது, 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன், 1957. படத்துக்காக இல்லை, கித்துல்கலவுக்காக. உனக்கு ஒன்பது வயதில் கூட்டிக்கொண்டு போனேன். களனி ஆற்றங்கரையில் நின்று பாலம் எங்கே என்றாய். படத்துக்காக மாதக்கணக்கில் மரப்பாலம் கட்டி, ரயிலையும் விட்டு, வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்றேன். "பிறகு ஏன் கட்டினவை?" என்றாய். அந்தக் கதையை நான் கந்தோரில் ஒரு வருஷமாகச் சொல்லித் திரிந்தேன். அதே இடத்தில், அந்தப் படப்பிடிப்பைப் பள்ளிச் சுற்றுலாவில் வந்து வாய்பிளந்து பார்த்த மட்டக்களப்புப் பெடியன்தான் 'வீடு' எடுத்த பாலு மகேந்திரா. லீன் கைகாட்ட மழை பெய்ததாம், அன்றைக்கே தான் இயக்குநர் என்று முடிவெடுத்தாராம். அமிர்தகழியில் பிறந்த ஒருவர் போய் மெட்ராஸ்காரனுக்கு வெளிச்சத்தைக் காட்டினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு தலைக்கனம் உண்டு.

ஆறாவது சிங்களப் படம். 'புரஹந்த கலுவர'. பிரசன்ன விதானகே 1997இல் எடுத்தது. இங்கே தடுத்து வைத்து, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2001இல் வெளியே விட்டார்கள். கண் தெரியாத ஒரு கிராமத்துத் தகப்பன். ஜோ அபேவிக்ரம. ஆமிக்குப் போன மகன் மூடின பெட்டியில் வருகிறான். ஊரே செத்துவிட்டான் என்கிறது, அவர் நம்பவில்லை. நட்டஈட்டுக் கடதாசியில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பார்த்தால் பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கல்லும். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த சிங்கள மனுஷன் விம்மினார். நான் என்னுடைய லேஞ்சியைக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவசரப்பட்டு ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே. வங்கிக்காரன் தருகிற கடதாசி என்றாலும் சரி, ஏஜென்ட் தருகிறது என்றாலும் சரி. பொதுவாகச் சொல்கிறேன்.

ஏழாவது 'டோக்கியோ ஸ்டோரி', ஒசுவின் படம், 1953. மருமகப் பெடியன் பென் ட்ரைவில் போட்டுத் தந்தான். வயதுபோன தாயும் தகப்பனும் பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. பார்த்துப் பார்த்து அவர்களை ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2023இல் நீ எங்களை கோச்சில் ஏற்றி நயாகராவுக்கு அனுப்பினது ஞாபகம் வந்தது. சும்மா பகிடிக்கு. எங்களை வைத்துப் பார்த்த மூன்று மாதமும் நீ இரண்டு வேலை செய்தாய், எனக்குத் தெரியும். இரவு பதினொன்றுக்குப் பிறகு வந்து, நாங்கள் முழிக்கக்கூடாது என்று குசினியில் லைட் போடாமல் சாப்பிட்டாய். நான் முழித்துத்தான் இருந்தேன். எழும்பி வந்து பக்கத்தில் இருந்திருக்கலாம். இந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை.

இனி 'வீடு'.

1988. பாட்டே இல்லை. ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் பாலு மகேந்திராவே. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்ல, ஒரு கந்தோர்ப் பெட்டை தங்கையையும் கிழவரையும் வைத்துக்கொண்டு சொந்த வீடு கட்டப் புறப்படுகிறாள். கடன், லோன், கொந்தராத்துக்காரன், களவுபோகிற சீமெந்து. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பாலு மகேந்திரா சின்னனாக இருக்கையில் தாய் ஒரு வீடு கட்டினவவாம். அது கட்டி முடியுமுன் தாயின் குணமே மாறிப்போனதாம். அந்த ஞாபகத்தில் எடுத்த படம். வீடு மனுஷரை என்ன செய்யும் என்று இவ்வளவு மெதுவாக வேறு ஒருவரும் காட்டவில்லை. அந்தப் படத்தின் நெகட்டிவே இப்போது இல்லை என்று அவரே வருத்தப்பட்டுச் சொன்னவர். எங்கள் ஊரில் நெகட்டிவ் தானாக அழியும்வரை விடுவதில்லை. 83 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தியபோது எத்தனையோ படங்கள் அதோடு போயின.

இருபத்தைந்து வருஷமாக இந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். 'அப்பாவின் சிக்கின கசெற்' என்று நீயும் தங்கச்சியும் பகிடி பண்ணுவீர்கள். முடிவு கேட்டால் நான் கசெற் சிக்கிவிட்டது என்பேன்தானே. கசெற் சிக்கவில்லை, தம்பி. நான்தான் நிற்பாட்டினேன்.

1992 ஐப்பசியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஒரு துண்டு வந்தது. சித்தப்பாவின் எழுத்து. "ஐயாவுக்குச் சரியான ஏலாமை, உன்னைக் கேட்கிறார்" என்று எனக்கு. நீ அப்போது தவழ்கிறாய். பாதை பூட்டு என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைதான், ஆனையிறவு பூட்டு. ஆனால் சனம் வவுனியாவுக்குப் போய், கிளாலியில் இரவில் வள்ளம் ஏறிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது. நேவி சுடும் என்ற பயத்தோடுதான் போனது. எங்கள் லேனில் இருந்த சுருட்டுக்கடைக்காரர் தன் தாயைப் பார்க்கப் போனார். என்னைவிடப் பத்து வயது கூட. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து கதவைத் தட்டினார். ஐயாவையும் எட்டிப் பார்த்தவராம். "மகன் வாறானோ?" என்று கேட்டவராம்.

லீவு கிடைக்கவில்லை என்றேன். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் செய்தி வந்தது. செத்து வீடும் நடந்து, எட்டும் முடிந்திருந்தது. அந்தியேட்டிக்கும் நான் இல்லை. என் மனம் மாறட்டும் என்று அம்மா டெக் வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தைப் போட்டாள். அதில் அந்தக் கிழவர், சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். அந்த இடத்தில் எழும்பி நிற்பாட்டினேன்.

போன கிழமை, யோகா மாமி கதைத்த அன்று இரவு, அம்மா படுத்த பிறகு யூடியூபில் முழுதாகப் பார்த்தேன். கிழவர் திரும்பி வருகிற வழியிலேயே போய்விடுகிறார். பிறகு, அந்தக் காணி தங்களுக்குச் சொந்தம் என்று குடிநீர் வாரியக்காரர் வருகிறார்கள். அந்தப் பெட்டை கோர்ட்டு வாங்கிலில் காத்திருப்பதோடு படம் முடிகிறது. வீடு கிடைத்ததா என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் முடிவு தெரியாமல்தான் இதை முதலாவது என்று சொல்லித் திரிந்தேன். தெரிந்த பிறகும் முதலாவதுதான்.

நீ 2021இல் அந்த வீட்டை வாங்கினபோது படத்தைப் பெரிதாக்கி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினேன். தேங்காய்க்கடைக்காரருக்குக்கூடக் காட்டினேன். அது என்னுடைய பெருமைக்குச் செய்தது. அதற்காக நீ ஒன்றும் தாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஆணியில் வேறு படம் கொழுவலாம்.

ஐயாவின் கோண்டாவில் காணி ஏழு பரப்பு. உறுதி என் பெயரில், அலுமாரியில் கிடக்கிறது. வாங்க ஒருவர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். நான் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் நேற்று மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தவள் நிமிராமலே கேட்டாள், கோண்டாவில் பக்கம் பரப்பு இப்போது என்ன விலை போகும் என்று. பிறகு, கனடாவில் தேர்தல் எப்ப என்றும் கேட்டாள்.

சாப்பாட்டை விடாதே. அவளோடு சத்தம் போடாதே, அவளும் வேலைக்குப் போய்த்தானே வருகிறாள். ஒன்றிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதே. சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, உனக்குச் சனி இரவு ஒன்பதரை, அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். நான் தனியாகத்தான் இருப்பேன். படம் ஏழுதான் வந்திருக்கிறது. மிச்சம் மூன்றையும் நான் எழுதப் போவதில்லை, ஃபோனில்தான் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா