உண்ணிக்கு மண்ணெண்ணெய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயர் ஈத்தாமில் முப்பத்தொரு வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த கூத்துதான் எழுத வைத்தது.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் காலையில் மூன் கேட் நடைபாதை வழியாகக் கொடிமலை ஏறினார். ஐந்தாம் ஸ்டேஷன் என்கிற வழி ஓய்விடத்தில் தேநீர் குடித்துவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். பையன் குளித்துவிட்டு வந்ததும் துவட்டிவிட்டேன். முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பில், எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புப் புள்ளி. அழுக்கென்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் கால்கள் அசைகின்றன. உண்ணி! பையனுக்கு வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. கடிக்கும்போதே அதன் எச்சில் தோலை மரக்கச் செய்துவிடுமாம்.

அவ்வளவுதான், வீடு சந்தையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் போத்தலோடு வந்தார். கொழுந்தனார் லைட்டரை எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாசலின், பற்பசை, நகப்பூச்சு என்று ஆளுக்கொரு வைத்தியம். பையன் அழ ஆரம்பித்தது உண்ணியால் அல்ல, லைட்டரைப் பார்த்துத்தான்.

எனக்கு லைட்டரைப் பார்த்ததும் கணுக்கால் எரிந்தது. கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் லயத்தில் இருந்தபோது அப்பா மூன்று மாடு வளர்த்தார். எனக்கு ஆறு வயதிருக்கும், மாட்டுண்ணி ஒன்று காலில் ஏறிவிட்டது. அப்பா பீடி நெருப்பை வைத்தார். உண்ணி செத்தது. அதன் வாய் தோலுக்குள்ளேயே நின்றது. பீடி சுட்ட இடம் சீழ் பிடித்து, தோட்டத்து மருந்தகத்தின் டிரெசர் ஐயா மருந்து போட்டுப் போட்டு ஆற ஒரு மாதமானது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மண்ணெண்ணெய் விஷயமும் அந்த மாட்டுக் கொட்டகையில்தான் தொடங்கியிருக்கும் என்பது என் எண்ணம். மாட்டின் காதிலும் மடியிலும் பிடுங்கிய உண்ணிகளை அம்மா மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவார், திரும்ப ஏறிவிடக்கூடாதே என்று. பிடுங்கிய பிறகுதான் அந்த எண்ணெய்க்கு வேலை. அது எப்படியோ டப்பாவிலிருந்து மனிதத் தோலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

என் மகள் தாதி. போனில் பிடித்தேன். "அம்மா, எதையும் தடவாதே, சுடாதே. நுனி மெலிந்த சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு" என்றாள். எண்ணெயும் நெருப்பும் பட்டால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக்கூடுமாம். அது தானாக விழும் என்று காத்திருக்கவும் கூடாதாம். ஒட்டியிருக்கும் நேரம் கூடக் கூட, கிருமி இருந்தால் உடம்பில் இறங்கும் வாய்ப்பும் கூடுமாம்.

சாமணத்துக்கு எங்கே போவது? என் ஓவர்லாக் மெஷினோடு வந்தது இருந்தது, நூல் கோக்கிற நீளமான, ஊசிமுனைச் சாமணம். புருவம் எடுக்கிற தட்டை முனைச் சாமணம் உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும், வேறில்லை என்றால்தான் அது. முனையைத் தோலோடு படுக்க வைத்து, உண்ணியின் வாய்ப்பக்கமாகப் பிடித்தேன். திருகவில்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. தையல் பிரிப்பவளுக்குத் தெரியும், அவசரப்பட்டால் நூல் அறுந்து பாதி துணிக்குள் நின்றுவிடும். தோல் சின்னக் கூடாரம்போல் எழும்பியது. விடாமல் அதே நிதானத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன். மனதுக்குள் இருபது எண்ணியிருப்பேன், முழுசாக வந்துவிட்டது. அதன் வாயில் பின்நோக்கிய முட்கள் உண்டு, சில வகை உண்ணிகள் பசைபோல் ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும் என்று மகள் பிறகு சொன்னாள். வாய் மட்டும் உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் குடையக்கூடாது. சுலபமாக வந்தால் எடுக்கலாம், இல்லையேல் விட்டுவிட்டால் தோலே தள்ளிவிடும்.

சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பேன் குத்துவதுபோல் அதை இரண்டு நகங்களுக்கிடையில் வைக்கப் போனார். நல்ல வேளை, பிடுங்கிக்கொண்டேன். நசுக்கினால் அதற்குள் இருக்கும் கிருமி நம் கையில் படலாம். பில் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதியும் 'மூன் கேட்' என்றும் எழுதி வைத்தேன், பின்னால் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட.

காதுக்குள் ஏறிவிட்டால் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள். நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தால் "காட்டுக்குப் போனேன்" என்று நாமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் உறவுக்காரர் ஒருவர் கோயில் கோத்தோங் ரோயோங்கில், அதாவது கூட்டுத் துப்புரவு வேலையில், புல் வெட்டிவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தார். டெங்கி என்றே ஒரு வாரம் ஓடியது. இடுப்பு வார் பட்ட இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததை அவரும் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது ஸ்க்ரப் டைபஸ் என்கிற காய்ச்சல் நோய். அதைப் பரப்புவது உண்ணியல்ல, கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. டாக்ஸிசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்த இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்தார். இத்தனைக்கும் இந்த நோய்க்குக் குளோராம்பெனிக்கால் மருந்தை 1948-இல் கொடுத்துப் பார்த்தது நம் கோலாலம்பூரில்தான் என்கிறாள் மகள்.

தைப்பூசத்துக்கு முன் கோயில் வளாகம் சுத்தம் செய்யப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரோடு ஒரு ஊசிமுனைச் சாமணமும் இருக்கட்டும், சில வெள்ளிதான். காற்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காத்திருந்து ஏறும். வீடு திரும்பியதும் உடுப்பை டோபிக் கடை டிரையரில் பத்து நிமிஷம் நல்ல சூட்டில் போட்டுவிடுங்கள், துவைக்கும் முன்பே.

பில் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒரு மாதம் கிழிக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பேரனுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. நேற்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு ரசீது எழுதப் புரட்டியபோது அது கண்ணில் பட்டு, பாவம், பிளவுஸை வாங்காமலே போய்விட்டார்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.