நான் பெயர் கேட்காமல் வந்துவிட்ட நாற்றுப்பண்ணைப் பெரியவருக்கு நன்றி

14 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த எங்கள் செல்ல நாய் மணியின் சாம்பலை ஒகேனக்கல்லில் காவிரியில் கரைப்பதா, கிருஷ்ணகிரி அணையருகே தென்பெண்ணையில் விடுவதா என்று முடிவெடுக்க இயலாமல், இறுதியில் மாங்கன்று ஒன்றின் அடியில் இடலாம் என எண்ணி (மணி மாங்கொட்டையைக்கூட விட்டுவைத்ததில்லை) காவேரிப்பட்டினம் சாலையிலுள்ள நாற்றுப்பண்ணைக்கு வந்தேன்.

காரணத்தைக் கேட்டும் நீங்கள் சிரிக்கவில்லை, ஐயா. எலும்புச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிகுதியாதலால், அதை வேரடியில் அப்படியே கொட்டினால் கன்று கருகக்கூடும் என்று விளக்கி, ஒரு பிடியை மட்டும் செம்மண்ணோடும் மட்கிய தொழுவுரத்தோடும் நன்கு கலந்து, வேரிலிருந்து சற்றுத் தள்ளி இடச் சொன்னீர்கள். மீதியைப் பற்றி நான் தயங்கியபோது, “அவசரமில்லை அம்மா, வீட்டிலேயே இருக்கட்டும்” என்றீர்கள். தொழுவுரத்துக்குக் காசும் வாங்கவில்லை.

அந்தச் செந்தூரா ஒட்டுக்கன்று இப்போது செந்நிறத் துளிர் விட்டிருக்கிறது. கலயம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மிக்க நன்றி, ஐயா.