அண்ணிக்கு, அந்தப் பாட்டைப் பற்றி

அன்புள்ள அண்ணி,

வரும் வியாழக்கிழமை அண்ணனுக்கு முதல் வருஷத் திதி. போனில் பேசினால் பிள்ளைகள் படிப்பு, குளிர் என்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும், அவர்கள் முன்னால்தானே அன்று தடுத்தேன்.

லிவர்பூலில் அந்தத் தகன மண்டபத்தில் தேவாரம் முடிந்ததும் அண்ணனின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் லிவர்பூல் கால்பந்து அணியின் சிவப்பு மஃப்ளரை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். ஒருவர் அந்த அணியின் பாட்டைப் பாட வாயெடுத்தார். "இது சாவு, ஃபுட்பால் மேட்ச் இல்லை" என்று நான் கையை நீட்டி நிறுத்தினேன். நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த அண்ணனின் மஃப்ளரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தீர்கள். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஊரில் அம்மா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. அதை நினைத்துத்தான் தடுத்தேன். சரி, அது மட்டும் இல்லை. லிவர்பூல் அவனை முழுசாக எடுத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

போன மாதம் 'கரௌசல்' பார்த்தேன், 1956-இல் வந்த படம். அதற்கு முன்பே 1945-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ரோஜர்ஸ் இசையமைத்து ஹாமர்ஸ்டைன் எழுதிய நாடகம் அது. திருடப் போன பில்லி தன் கத்தியிலேயே விழுந்து சாகிறான். கர்ப்பமாக இருக்கும் அவன் மனைவி ஜூலி இடிந்துபோய் நிற்கிறாள். அப்போது நெட்டி என்ற பெரியவள் அவளுக்காகப் பாடுவதுதான் 'யூ'ல் நெவர் வாக் அலோன்'. புயலில் நடந்தாலும் தலை நிமிர்ந்து நட, இருட்டுக்குப் பயப்படாதே என்று.

அண்ணி, அது புருஷனை இழந்தவளுக்காக எழுதிய பாட்டு. லிவர்பூல்காரர்களான ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் இசைக்குழு 1963-இல் பாடிய பிறகுதான் அந்த அணியின் மைதானமான ஆன்ஃபீல்டு அதைத் தனதாக்கிக்கொண்டது. நான் மைதானத்துப் பாட்டு என்று நிறுத்தியது உங்களுக்குச் சேரவேண்டிய பாட்டை.

பில்லி ஜூலியை அடித்தவன். அண்ணனை அவனோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் நடந்த எதைப் பற்றியும் நான் இங்கே பேசவில்லை.

ஆனால் நீங்களும் வாய் திறந்திருக்கலாம். "அவருக்குப் பிடிக்கும், பாடட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். ஐசியூவில் சேர்த்ததையே எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். அந்தக் கோபமும் என் கையில் இருந்தது. கடைசியாக ஒரு தடவை அவன் குரலைக் கேட்டிருப்பேன்.

இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். அந்த மூன்று நாளும் நீங்கள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தனியாகத்தான் தூங்கினீர்கள் என்று சின்னவள் சொன்னாள்.

என்னை மன்னித்துவிடுங்கள். நாடகத்தின் கடைசியில், ஜூலியின் மகள் பள்ளி முடிக்கும் நாளில், அதே பாட்டை எல்லாரும் சேர்ந்து மறுபடி பாடுகிறார்கள். வியாழக்கிழமை படையல் முடிந்ததும் அந்த நண்பர்களைக் கூப்பிடுங்கள். நான் வீடியோவில் இருப்பேன். இந்த முறை அம்மாவுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

மஃப்ளர் இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறதா, அண்ணி?