ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பெண்கள் பேண்ட் போடக் கூடாது, முடியை வெட்டக் கூடாது, முக்காடில்லாமல் திருவிருந்துக்கு வரக் கூடாது என்று ஆலய வாசலில் அறிவிப்பு ஒட்டுகிற சபைகள் உண்டு. கீழே ஆதாரமாக உபாகமம் 22:5 இருக்கும். ஆண்களுக்கு என்ன விதி என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அந்த வசனமோ இரு பாலாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது: புருஷர் உடையைப் பெண் தரிக்கலாகாது, பெண் உடையைப் புருஷர் தரிக்கலாகாது. பாதி வசனத்துக்கு மட்டும் காவல் போடுவானேன்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவன் மனிதரை ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தார் என்பதை முழு மனதோடு நம்புகிறவன் நான். அந்த வித்தியாசம் உடையிலும் தெரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தத் துணி ஆணுக்கு, எந்தத் துணி பெண்ணுக்கு என்கிற பட்டியலை வேதமே எழுதிக் கொடுத்ததுபோல நாம் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனாகிய ஆரோனுக்கு முழுக்க நீல நிறத்தில் ஓர் அங்கி. அதன் கீழ் ஓரத்தைச் சுற்றிலும் நீலம், ஊதா, சிவப்பு நூலால் செய்த மாதுளம்பழங்கள். ஒவ்வொரு பழத்துக்கும் நடுவே ஒரு பொன்மணி. அவன் உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்த மணிச் சத்தம் கேட்க வேண்டும் என்பது கட்டளை. இன்றைக்கு ஓர் ஆண் அப்படி உடுத்திக்கொண்டு ஆராதனைக்கு வந்தால் வாசலைத் தாண்ட விடுவோமா? (போதகர் பிரசங்க மேடையில் கணுக்கால்வரை நீண்ட அங்கியோடு நிற்கும்போது அதைப் பெண் உடை என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.) எது ஆண் உடை, எது பெண் உடை என்பதைக் காலமும் இடமும்தான் தீர்மானிக்கின்றன. வசனம் தடுப்பது, ஒருவர் மற்றவராக வேஷம் போடுவதை. பெண்ணுக்கென்றே தைத்த பேண்ட்டைப் போட்டு வருகிறவளை ஆண் என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்திலேயே 8-ஆம் வசனம் வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்கிறது. 11-ஆம் வசனம் ஆட்டுமயிரும் நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது. அடுத்ததோ மேலாடையின் நான்கு ஓரத்திலும் தொங்கல் வைக்கச் சொல்கிறது. இவற்றை யாரும் வாசலில் சோதிப்பதில்லை. "சரி, ஆனால் அங்கெல்லாம் அருவருப்பு என்று சொல்லவில்லையே, ஐந்தாம் வசனத்தில்தானே சொல்லியிருக்கிறது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் அதே புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி, 25-ஆம் அதிகாரத்தில், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்து ஏமாற்றுகிறவனும் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்றே சொல்லியிருக்கிறது. கள்ள எடைக்காக எந்த சபையும் வாசலில் தாள் ஒட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

1 கொரிந்தியர் 11-ஐயும் பாதிதான் வாசிக்கிறோம். பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் எழுதியது உண்மை. எப்போது மூட வேண்டும்? ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும். அதாவது, கொரிந்து சபையில் பெண்கள் வாய் திறந்து ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பவுல் அதை இயல்பாக எடுத்துக்கொண்டுதான் முக்காட்டுக்கு வருகிறார். நாம் முக்காட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜெபத்தையும் தீர்க்கதரிசனத்தையும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். முக்காட்டை மனசார அணிகிற சகோதரிகளை நான் மதிக்கிறேன். அவர்களைச் சாட்சியாக நிறுத்தி மற்றவர்களை அதட்டுவது வேறு விஷயம்.

திருச்சபை வரலாறும் ஒரே குரலில் பேசவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள கங்க்ரா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், துறவு என்ற பெயரில் ஆண் உடை தரித்த பெண்களைக் கடுமையாகக் கண்டித்தது. 866-இல் பல்கேரிய மன்னர் போரிஸ் கேட்டனுப்பிய கேள்விகளில் கால்சட்டை பற்றியும் ஒன்று இருந்தது. போப் முதலாம் நிக்கொலஸ் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: ஆண்களோ பெண்களோ கால்சட்டை அணிவதும் அணியாததும் இரட்சிப்புக்குத் தடையுமில்லை, புண்ணியத்தைக் கூட்டுவதுமில்லை. ஏறக்குறைய 1,160 வருஷங்களுக்கு முன் முடித்துவைத்த பேச்சு! ஆனாலும் 1431-இல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்தபோது ஆண் உடை தரித்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது. 1456-இல் அந்தத் தீர்ப்பே செல்லாது என்றார்கள். 1920-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

இரவுப் பணி முடிந்து நேராக ஆராதனைக்கு வந்த ஒரு செவிலியரை நான் பார்த்திருக்கிறேன். சீருடைச் சட்டையும் பேண்ட்டுமாக வந்தவர், கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை இழுத்துவிட்டுக்கொண்டார். திருவிருந்துக்கு அந்த வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போக வசதியாகக் காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் ஒட்டியிருந்த தாளே போதுமானதாக இருந்தது. எதிர்ப்பாலின உடையைத் தவறு என்றே எழுதிய 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்கூட, வேறு உடை இல்லாத அவசியம் இருந்தால் அதில் பாவமில்லை என்று விலக்குக் கொடுத்தார். நம் தாளில் அதற்கும் இடமில்லை.

தோற்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1 தீமோத்தேயு 2:9 பொன்னையும் முத்தையும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும் குறிப்பிடுகிறது. யாக்கோபு 2-ஆம் அதிகாரம், பொன்மோதிரம் போட்டு மினுக்கான உடையோடு வருகிற ஆணுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தையோடு வருகிற ஏழையை அங்கே நில் என்கிறவர்களைக் கண்டிக்கிறது. பணக்காரத் தோற்றம்தான் அங்கே பிரச்சினை. அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தால் நானே முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உடையை வைத்து யாரையும் திருவிருந்திலிருந்து விலக்காதீர்கள். பாடகர் குழுவிலிருந்தும் நிறுத்தாதீர்கள். ஒருவருடைய தோற்றம் உண்மையிலேயே இடறலாகத் தெரிந்தால், தனியாகக் கூப்பிட்டு, காரணத்தை முதலில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் எடுக்கிற பிள்ளைகளுக்கு 5-ஆம் வசனத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன். பையன்களுக்கும் சேர்த்து, முழு அதிகாரத்தோடு. அப்புறம், அறிவிப்பில் என்ன எழுதுவது என்று அடுத்த மூப்பர் கூட்டத்தில் பேசும்போது, அதன்படி நடக்க வேண்டிய பெண்களில் சிலரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சபை விசுவாசி, ஞாயிறு பள்ளி ஆசிரியர்